ஒட்டுன எலும்பு

உக்காருங்க எல்லாரும், பேச்சை நிறுத்துங்க. மதலேனம்மாகிட்ட இப்படிச் சொல்ல மொரப்பூர்ப் பக்கம் ஆளே கெடையாது. அவ காட்டுல நின்னு மாட்டைக் கூப்பிட்டா, ஸ்டேசன்ல ரயிலு கெளம்பிரும்.

அந்த மதலேனம்மாதான், ஆயிரத்தித் தொள்ளாயிரத்து எழுவத்திரண்டுல, தர்மபுரி ஆஸ்பத்திரியில மூணு மாசக் கொழந்தையோட வாயடைச்சு நின்னா.

மாமனாரு வியாகுலத்துக்கு முழங்கைக்குக் கீழ முறிஞ்சு கெடக்குது. "வெறகுக்கட்டையால இவதான் அடிச்சா"ன்னு புருசன் அருள்நாதன் ஊரெல்லாம் சொல்லிட்டான். நம்பாம என்ன பண்ணுவாங்க? அவன் கோயில்ல செபம் சொல்றவன். அவன் கொரலு வெண்ணெ. இவளுது ஒலக்கை.

"நான் காட்டுல இருந்தேங்க"ன்னா. யாரும் காதுல வாங்கல. மாமனாரு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவரு மவனைப் பாத்தாரு, தரையைப் பாத்தாரு.

"எக்ஸ்ரே எடுத்து ஊருக்குக் காட்டிட்டு, இவளைப் பாலக்கோட்டுக்கு அவங்கம்மா வூட்டுக்கே அனுப்பிடறேன்"னு அருள்நாதன் சாட்சிக்கு ஊர்ப்பெரியவரு செபாஸ்டினையும் கூட்டியாந்திருந்தான். படம் புடிக்கறாங்களேன்னு அப்பனுக்குத் தலை சீவி, பவுடர் போட்டு, பூசைக்குப் போற சட்டையையும் மாட்டிவுட்டிருந்தான்.

எக்ஸ்ரே எடுக்கற அர்ச்சுனன் வியாகுலத்தை மேலயும் கீழயும் பாத்தாரு.

"மூஞ்சி வராதுங்க."

"அடிச்சவ மூஞ்சியா?"ன்னாரு செபாஸ்டின்.

"யாரு மூஞ்சியும்."

டாக்டரு பிலிமை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சாரு.

"கீழ விழுந்து கையை ஊனியிருந்தா, மணிக்கட்டுதான் போயிருக்கும். இது அடியைத் தடுக்கக் கையத் தூக்கினாப்புல இருக்குது."

அருள்நாதன் கண்ணை மூடி, கையக் கூப்பி, செபம் சொல்ற அதே கொரல்ல, "ஆண்டவரு பாத்துக்கிட்டேதாங்க இருக்காரு"ன்னான்.

"இருங்க"ன்னாரு டாக்டரு. "இதே கையில பழசு ஒண்ணும் இருக்குது. வூட்டுலயே மூங்கில் பத்தை வெச்சுக் கட்டியிருப்பீங்க போல, கோணலா ஒட்டியிருக்குது. நாலஞ்சு மாசம் இருக்கும்."

செபாஸ்டின் திரும்பிப் பாத்தாரு. "அது எப்பப்பா? ஊருக்கே தெரியாதே."

அருள்நாதன் மறுபடி கையக் கூப்பினான். "அதுவும் இவதாங்க. குடும்ப மானம்னு மறைச்சு வெச்சேன்."

மதலேனம்மா வாயத் தொறந்தா. சத்தம் வரல. கொழந்தைதான் அழுதுச்சு.

காலையில பஸ் ஏறினதுலருந்து ஒரு பேச்சும் பேசாத வியாகுலம், முறியாத கையால பேத்தி தலையைத் தடவுனாரு.

"அப்ப இவ பிரசவத்துக்குப் பாலக்கோட்டுல இருந்தா. வூட்டுல நீயும் நானுந்தானப்பா இருந்தோம்."