வாஷர் இன்னும் உட்காரவில்லை

அடிபம்பின் கைப்பிடியை விடாமலே ஊர்த்தலைவர் லுஹாங்கா கேட்டார்: "மாசம் மூணாச்சு சிஸ்டர். இன்னுமா அந்த வாஷர் உட்காரலை?"

சிஸ்டர் தவோங்காவுக்குத் தொண்டை வறண்டது. பக்கத்திலேயே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

பொறியியல் படித்துவிட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர் அவர். வடக்கு மலாவியில் மிஷனுக்காக அவர் போட்ட பன்னிரண்டாவது ஆழ்துளைக் கிணறு இது.

திறப்பு நாளில் பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்ததும் பெண்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். ஆண்கள் மாமரத்தடியில் போய்ச் சாய்ந்துகொண்டார்கள். இத்தனை வருடம் ஆற்றுக்கு நடந்தவர்களே இனி பம்பும் அடிக்கட்டும் என்பதுபோல.

அதைப் பார்த்ததும் சிஸ்டரின் வாய் முந்திக்கொண்டது.

"புது பம்பு. உள்ள வாஷர் நல்லாப் படிஞ்சு உட்காரணும். அதுவரைக்கும் கனமான ஆம்பளைங்கதான் அடிக்கணும். லேசான கை பட்டா வீணாப்போயிடும்."

ஒரு வாரம் போதும் என்றுதான் நினைத்தார். ஆனால் ஆண்கள் வியர்த்து அடிக்க, பெண்கள் அதே மரத்தடியில் காலை நீட்டி நிலக்கடலை உரிப்பதைப் பார்க்கப் பார்க்க, உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை.

இப்போது மாட்டிக்கொண்டார். இது வெளியே தெரிந்தால் அடுத்த ஊரில் யார் அவர் பேச்சை நம்புவார்கள்? கிணறு தோண்ட யார் இடம் காட்டுவார்கள்?

ஆனாலும் இன்னொரு பொய் வாயில் வரவில்லை.

"அது முதல் நாளே உட்கார்ந்தாச்சு தலைவரே. நான் சொன்னது பொய்."

லுஹாங்கா பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெதுவா, சிஸ்டர்! எனக்கு ரெண்டாம் நாளே தெரியும். ஆள் இல்லாத நேரமாப் பாத்து என் வீட்டுக்காரி ஒத்தக் கையால அடிச்சு வாளிய ரொப்பிட்டுப் போனா. நான் கண்ணால பாத்தேன்."

"அப்புறம் ஏன் தினமும் வந்து அடிக்கிறீங்க?"

அவர் கண் மாமரத்தடிக்குப் போனது. அங்கே பெண்கள் ஏதோ பேச, சிரிப்பு வெடித்தது.

"முப்பது வருஷமா நான் தலைவன். யார் வீட்ல சண்டை, எவன் மாடு எவன் சோளத்துல மேஞ்சுதுன்னு அவ ஆத்தங்கரையில கேட்டுட்டு வந்து சொன்னாத்தான் எனக்குத் தெரியும். அதுலயும் பாதியத்தான் சொல்லுவா. இப்போ இங்க நின்னு அடிச்சா எல்லாம் நேரா என் காதுக்கே வருது." குரலை இன்னும் தாழ்த்தினார். "நாலஞ்சு பேர் சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டானுங்க. ஞாயித்துக்கிழமை நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

ஞாயிறு பூசை முடிந்ததும் சிஸ்டர் எழுந்து நின்றார்.

"நேத்து பம்புக்கு வாஷர் மாத்தினேன்" என்றார். அது உண்மைதான். பழுதில்லாத ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டிருந்தார்.

"இது படியறதுக்கும் நாளாகும்."

ஆண்கள் பக்கமிருந்து பெருமூச்சு கிளம்பியது.

பெண்கள் பக்கம், முதல் வரிசையிலிருந்து, எல்லோரையும் முந்திக்கொண்டு உரக்க "ஆமென்" என்றார் தலைவரின் மனைவி.