பிரசங்கத்தின் முன்பாதி

சரியாகப் பத்து நாற்பதுக்குக் கிரண் எழுந்து வெளியே போனான்.

மேடையில் பேசிக்கொண்டிருந்த பாஸ்டர் குணசேகருக்கு வார்த்தை தடுமாறியது. இரண்டு மாதமாக இதே கதைதான். ஆராதனைக்கு முதல் ஆளாக வந்து இரண்டாவது வரிசையில் உட்காருவான். பிரசங்கம் பாதியை எட்டியதும் தலையைக் குனிந்தபடி நழுவிவிடுவான். திரும்பி வருவதே இல்லை.

ஜீவனஹள்ளியில் அது சின்னச் சபை. எண்பது பேர் வந்தாலே ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட வேண்டும். முன்னாலிருந்து ஒருவன் எழுந்து போனால் பளிச்சென்று தெரியும்.

பாஸ்டருக்கு அது முள்ளாய் உறுத்தியது. அவர் பிரசங்கத்துக்குப் படுகிற பாடு அப்படி. திங்கட்கிழமையே வசனத்தைத் தேடிப் பிடித்துவிடுவார். செவ்வாயும் புதனும் குறிப்பெடுப்பு. வியாழக்கிழமை எழுதியதை வெள்ளிக்கிழமை கிழித்துப் போடுவார். சனிக்கிழமை சாயங்காலம், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும் மனைவி ஜோசஃபின் முன்னால் நின்று முழுசாகப் பேசிப் பார்ப்பார்.

கிரணை உட்கார வைக்க என்னென்னவோ செய்தார். நடுவில் ஒரு ஜோக் சேர்த்தார். ஊரே மணிக்கணக்கில் சிக்கித் தவிக்கும் சில்க் போர்டு டிராஃபிக்கைப் பாவத்துக்கு உவமையாக்கினார். சபையே சிரித்தது. கிரணும் சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுந்து போனான்.

முனை பேக்கரிக்கு டீ குடிக்கத்தான் போகிறான் என்று யாரோ அடித்துச் சொன்னார்கள். கிரண் ஒரு மெக்கானிக். அவனிடம் போய், என் பிரசங்கம் பிடிக்கவில்லையா என்று கேட்கப் பாஸ்டருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. வீட்டில் குமுறினார்.

“நாப்பத்தஞ்சு நிமிஷம் பேசறீங்க. பாதி வரைக்கும் உக்கார்றானேன்னு சந்தோஷப்படுங்க” என்றாள் ஜோசஃபின்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவர் எதையும் கிழிக்கவில்லை. எடுத்துக்கொண்ட பொருள்: பாதியில் எழுந்து போகிறவர்கள். சூடானதையெல்லாம் முதல் இருபது நிமிடத்திலேயே வைத்தார். அதற்குப் பிறகு ஆள் இருக்க மாட்டானே.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது வரிசையைப் பார்த்தே கேட்டார்.

“ஆண்டவர் சந்நிதியில ஒரு மணி நேரம் உக்கார முடியாதவங்க, பரலோகத்துல காலமெல்லாம் எப்படி உக்காரப் போறீங்க?”

சிலர் அவனைப் பார்த்து வாய்க்குள் சிரித்தார்கள். கிரணின் முகம் சுண்டிப்போனது. பத்து நாற்பதுக்கு எழுந்தான். போனான்.

பாஸ்டருக்கு மனசு லேசாகிவிட்டது. பின்பாதியை அன்று உருகி உருகிப் பேசினார்.

மறுநாள் காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பினார். சபைக்கு எதிரே இருக்கும் அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் எழுந்து நின்று கும்பிட்டார்.

“பாஸ்டர், நேத்து பின்பாதி ரொம்ப நல்லா இருந்துச்சு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு.”

பாஸ்டருக்கு அந்த முகம் பிடிபடவில்லை. நம்ம சபைக்கா வர்றீங்க என்று கேட்டார்.

பெரியவர் பெயர் எபினேசர். கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். இங்கே சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்கு அவர் ஒருத்தர்தான். கேட்டை விட்டு நகர முடியாது. முதல் வாரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டிச் சத்தத்துக்கு நடுவே ஒலிபெருக்கியில் அரைகுறையாகக் காதில் விழுந்ததைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். ஆராதனை முடிந்து வந்த கிரண் அவரிடம் பேச்சுக் கொடுத்து அதைத் தெரிந்துகொண்டான்.

“அடுத்த வாரத்துல இருந்து அவனே வந்து என் நாற்காலியில உக்காந்துக்கறான். நான் ஓடி வந்து கடைசி பெஞ்சுல உக்காருவேன். கடைசி ஜெபத்துல எழுந்து ஓடிடுவேன், அதான் நீங்க பார்த்திருக்க மாட்டீங்க” என்றார் எபினேசர். “முன்பாதி அவனுக்கு, பின்பாதி எனக்கு. நான் திரும்பி வந்ததும் முன்பாதியை ஒரு வரி விடாம சொல்லிட்டுத்தான் போவான்.”

பாஸ்டர் பால் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“நேத்து மட்டும் என்னவோ, எத்தனை தடவை கேட்டும் மறந்துட்டேன் அங்கிள்னுட்டான்” என்ற எபினேசர், ஆசையாக ஒரு அடி முன்னால் வந்தார்.

“முன்பாதியில என்ன பாஸ்டர் பேசினீங்க?”