அவன் பார்ப்பது

எதிரியின் ட்ரோன் பார்ப்பதெல்லாம் என் திரையிலும் தெரியும். அது நெருங்கியதும் அலைகளைக் குலைக்கும் ஜாமரை அழுத்தி விழச்செய்வது என் வேலை. அந்தப் பக்கம் பலர் ஓட்டினார்கள். ஒருவனை மட்டும் ஓட்டும் விதத்திலேயே எனக்குத் தெரியும். கொல்ல வரும் வழியில் அவன் தாமரைக்குளத்தின் மேல் சற்றுத் தாழப் பறப்பான். எரிந்த பள்ளிக்கூடத்தின் மணியை ஒருமுறை சுற்றுவான். பிறகுதான் என் பதுங்குகுழிக்கு வருவான். நான் அழுத்துவேன். திரை வெளுத்துவிடும். மறுநாள் வேறொரு ட்ரோனில் வருவான். அவனைப் பற்றி அடுத்த குழியிலிருக்கும் சாருமதியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். போன வாரம் அவள் வாக்கிடாக்கியில் சிரித்தாள். “அக்கா, உங்க ஆளு இப்பல்லாம் என் பக்கந்தான் வர்றான். குளத்தையே மறந்துட்டான் போல.” “வந்தா விழ வை. எதுக்குச் சிரிப்பு?” என்றேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று காலை அவள் குரலில் சிரிப்பில்லை. “அக்கா, என் ஜாமர் படுத்துருச்சு. ஆன்டெனா வயரு அறுந்திருக்கு, வெளிய வந்து கட்டிட்டிருக்கேன். அவன் வந்தா நீங்க அழுத்திடுங்க.” அவள் இடமும் என் ஜாமரின் வீச்சுக்குள்தான். அவன் வந்துவிட்டான். திரையில் சாருமதி முதுகைக் காட்டிக் குந்தியிருக்கிறாள். ஈரக் கூந்தல் ஒரு தோளில் கிடக்கிறது. ட்ரோன் பாயவில்லை. மெதுவாகச் சுற்றி அவள் முகத்துக்கு எதிரே வருகிறது. அவள் நிமிர்கிறாள். “அக்கா, அழுத்துங்க!” விரல் பொத்தானில்தான் இருக்கிறது. என் குழிக்கு மேல் அவன் ஒருநாளும் இவ்வளவு நேரம் நின்றதில்லை.