காட்டுவதற்கு மட்டும்

ஒரு துணிக்கடையில் மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை ஒன்று இருந்தது. லைவ் வீடியோ போடும்போதெல்லாம் முதலாளியம்மா நாகஜோதி அதைத்தான் விரித்துக் காட்டுவாள். ஆர்டர் குவியும். பார்சலில் போவதோ அதே நிறத்து மட்டரகப் புடவை.

"எத்தனை பேரு கேட்டாங்க! என்னை ஏன் அனுப்பலை?" என்று புடவை, போனைத் தாங்கி நிற்கும் வட்ட விளக்கிடம் கேட்டது.

"உன்னை அனுப்பிட்டா நாளைக்கு எதைக் காட்டுறது, மகாராணி?"

"ஒருத்தி உடுத்தி, ஒரே ஒரு கல்யாணத்துக்காவது போயிட்டு வரணும்டா."

பார்சல்கள் திரும்பி வரத் தொடங்கின. "காட்டினது ஒண்ணு, வந்தது ஒண்ணு" என்று பெண்கள் எழுதினார்கள். பிறகு எழுதுவதையும் விட்டுவிட்டார்கள்.

இன்றும் நாகஜோதி புடவையை விரித்தாள். மடித்த இடமெல்லாம் பட்டு இற்றுப்போயிருந்தது. "வாங்க சிஸ்டர்ஸ், வாங்க!" என்று போனைப் பார்த்துச் சிரித்தாள்.

"யாராவது பார்க்கிறாங்களா?" என்று புடவை மெல்லக் கேட்டது.

"ஒருத்தர் பார்க்கிறதா காட்டுது."

அவள் கையில் புடவை கொஞ்சம் நிமிர்ந்தது. "யாரு அது?"

விளக்கு சொன்னது: "மேஜை மேல கிடக்கிற இவளோட இன்னொரு போன்."