ஓர் எழுத்து வித்தியாசம்

கதவு திறக்கும் சத்தம் கேட்டதுமே பிரையனி குதிரையைத் தட்டி விட்டிருக்கலாம். முடியவில்லை.

ஈனிட் பார்ஸ்லோ வீட்டுச் செருப்போடு தோட்டத்துப் பாதையில் இறங்கி வந்தாள். அந்த வயதுக்கு அது ஓட்டம்தான். ஒரு கையில் பாத்திரம் துடைக்கிற துணி இருந்தது.

வேலிக்கதவு வரை வந்தவள் அதைத் திறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சட்டுனு சொல்லிடுங்க ஆபீசர். சுத்தி வளைக்க வேணாம்."

பிரையனி குனிந்து தன் மேலங்கியைப் பார்த்தாள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள். ஓரமெல்லாம் நீலமும் வெள்ளையுமாகக் கட்டங்கள். மார்பில் கொட்டை எழுத்தில் 'பொலைட்'. பணிவாக என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அதற்கும் போலீஸுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

போன வசந்தத்தில் ஒரு வேன் குதிரையின் பின்னங்காலை உரசிவிட்டு நிற்காமல் போனது. அதற்குப் பிறகு வாங்கியது இது.

இங்கிலாந்தின் டெவன் பக்கத்துச் சந்துகளில் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குப் புதர்வேலி. ஒதுங்க இடம் கிடையாது. சாதாரண மஞ்சள் அங்கியை யாரும் மதிப்பதில்லை. இதைக் கண்டால் லாரிக்காரன்கூடப் பிரேக்கில் காலை வைத்துவிடுவான்.

ஊர் மதுக்கடையில் எல்லோருக்கும் இது கேலி. "எங்களையெல்லாம் எப்ப உள்ள தள்ளப் போற?" என்பார்கள். போலீஸ் மாதிரி வேஷம் கட்டுவது தப்பு என்று பண்ணைக்காரர் கெரன்ஸ் மட்டும் நிஜமாகவே கோபித்துக்கொண்டார். வேகம் குறைகிறதா இல்லையா, அவ்வளவுதான் எனக்கு வேண்டும் என்று அவளும் விட்டுக்கொடுக்கவில்லை.

நேற்று சாயங்காலம் ஈனிட்டின் கணவர் டெஸ்மண்ட் பார்ஸ்லோ நாயைக் கூட்டிவரப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். அந்த நாய் செத்துப் பல வருஷமாகிவிட்டது. அவருக்குத்தான் அது நினைவில்லை.

இரவு உறைபனி. விடிந்ததிலிருந்து ஊரே தேடிக்கொண்டிருந்தது.

"நான் போலீஸ் இல்ல, மிசஸ் பார்ஸ்லோ. பிரையனி. இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க."

கிழவியிடம் கண்ணாடி இல்லை. கையை நீட்டி, குனிந்தவளின் மார்பிலிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள். அந்த எழுத்து வந்ததும் விரல் நின்றது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீரும் வந்தது.

"அட, நம்ம பிரையனியா. உசுரே போயிடுச்சு கண்ணு. அப்ப ஒரு சேதியும் இல்ல?"

"நான் போலீஸ் இல்ல" என்றாள் பிரையனி மறுபடியும்.

ஈனிட் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெளிறிப் போயிருந்த கன்னத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் திரும்பியது. வேலிக்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். அவருக்கு இந்நேரம் பசி எடுத்திருக்கும், சாசேஜ் வறுத்து மூடி வைத்திருக்கிறேன், ஆறிப்போனால் தொடமாட்டார் என்று குதிரையிடம் சொல்வது போலச் சொன்னாள்.

பிறகு நிமிர்ந்தாள்.

"கோவிச்சுக்காத. இதைக் கழட்டிடு. என்னை மாதிரி எவளாவது ஜன்னலோரம் நின்னுட்டிருப்பா."

பிரையனி அங்கியின் பக்கவாட்டுப் பட்டையைத் தேடினாள். விரல்கள் மரத்துப் போயிருந்தன. இழுத்தாள், வரவில்லை. கடைசியில் தலை வழியாக உருவி எடுத்துச் சேணத்தின் மேல் சுருட்டி வைத்துக்கொண்டாள். குளிர் சட்டைக்குள் இறங்கியது.

"டீ போடவா?" என்றாள் ஈனிட்.

சந்து முனையில் ஒரு கார் திரும்பியது. குதிரையைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, ஊர்ந்து வந்து பக்கத்தில் நின்றது. கண்ணாடியை இறக்கியவன் சின்ன வயதுக்காரன். நிஜமான சீருடை. வேலியோரம் நிற்கும் கிழவி யார் என்று அவனுக்குத் தெரியாது.

"ஓடைக்குப் பக்கத்துல ஆளைப் பார்த்ததா போன் பண்ணினது நீங்கதானே மேடம்?"

யாரிடமும் மூச்சு விடாதீர்கள், வீட்டாரிடம் நாங்களே சொல்லிக்கொள்கிறோம், தேவாலயத்தருகே வந்து நில்லுங்கள், காட்டுக்குள் வழி காட்ட ஆள் வேண்டும் என்று பிரையனியிடம் போலீஸார் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். ஓடையிலிருந்து தேவாலயத்துக்குப் போக இந்தச் சந்து ஒன்றுதான் வழி.

ஈனிட் அந்தப் பையன் பக்கம் திரும்பவேயில்லை. கை குதிரையின் கழுத்தில் இருந்தபடியே, பிரையனியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.