வினிகர் அக்கா

போன கண்டலேரியா மாதா திருவிழாவுக்கு முந்தின வாரம், இலோய்லோ நகரத்து ஹாரோ கோயிலில் நவநாள் ஜெபம் முடிந்து வெளியே வரும்போது, மீன் விற்கிற நெனிட்டா எனக்குச் சொன்னது இது. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அவள் தெருவில் இருக்கிற அனாலினின் சமையல் வீடியோக்களை ஒரு காலத்தில் இலோய்லோ நகரமே பார்த்தது. திடீரென்று ஈ, காக்கை இல்லை.

"அல்காரிதத்தை மாத்திட்டாங்களாம்" என்றாள் புருஷனிடம். "பாத்துட்டுப் போனா மட்டும் பத்தாதாம். வீடியோவுக்குக் கீழே ஜனங்க பேசணுமாம். பேச்சு நடந்தாத்தான் இன்னும் நாலு பேருக்குக் காட்டுவாங்களாம்."

ரொடெல் கப்பல் வேலைக்காரன். அடுத்த ஒப்பந்தத்தாள் மேஜைமேல் கிடந்தது.

"மாசக் கடைசிக்குள்ள ஏஜென்சிக்குப் பதில் சொல்லணும், அனா. உன் பேஜ் எழுந்து காசு வந்துட்டா, வீட்டோட, புள்ளைங்களோட இருப்பேன். இல்லேன்னா மறுபடியும் கடல்தான்."

அனாலின் எல்லாவற்றையும் மாற்றினாள். வணக்கம் சொல்கிற பகுதியை வெட்டிவிட்டு, கொதிக்கிற சட்டியிலேயே வீடியோவை ஆரம்பித்தாள். பேசுவதை எழுத்தாகவும் ஓட விட்டாள். "உங்க வீட்டுல எப்படிச் செய்வீங்க?" என்று கெஞ்சியும் பார்த்தாள். அசையவில்லை.

அப்போதுதான் 'வினிகர் அக்கா' என்ற பெயரில் ஒருத்தி வந்தாள். வினிகரில் வேகவைக்கிற பன்றிக்கறிக் குழம்பான அடோபோ வீடியோவுக்குக் கீழே எழுதினாள்:

"வினிகர் கொதிக்கிறதுக்கு முன்னாடியே கிளறுறியே! பச்சை வாடை அடிக்காதா? இதையா உன் புருஷன் திங்கிறான்? பாவம்!"

அவ்வளவுதான். வினிகர் கொதிக்கிறவரை கிளறக்கூடாது என்பது அந்த ஊரில் அம்மாமார் சொல்லி வளர்த்த சங்கதி. சும்மா விடுவார்களா?

"சரியாச் சொன்னே அக்கா! எங்கம்மா இருந்தா கரண்டியாலேயே அடிப்பா!"

"நான் எப்பவும் கிளறித்தான் செய்றேன். யாரும் சாகல!"

"உன் வீட்டுல யாருக்கும் மூக்கு இல்லைன்னு சொல்லு!"

மணிலாவிலிருந்து ஒருத்தி, துபாயில் வேலை செய்கிற இடத்திலிருந்து ஒருத்தி. விடிவதற்குள் வீடியோ நாட்டைச் சுற்றிவிட்டது.

அனாலின் அழுதாள். ஆனால் கெட்டிக்காரி. ஒவ்வொரு ஏச்சுக்கும் பதிலாக ஒரு வீடியோ போட்டாள். "சர்க்கரையா? இது அடோபோவா, மிட்டாயா?" என்றால் அதற்கு ஒன்று. "உருளைக்கிழங்கு எதுக்கு, கறி கிடைக்கலையா?" என்றால் அதற்கு ஒன்று. பேஜ் குதிரையாக ஓடியது.

"ஓடுது, சரி. ஆனா இந்த வாய்க்காரி மட்டும் என் கையில கிடைச்சா..." என்று பல்லைக் கடித்தாள்.

பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த நாத்தனார் லோய்டா வாயே திறக்கவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான். எதை வைத்தாலும் சாப்பிடுவாள். நன்றாயிருக்கு என்று ஒரு வார்த்தை வராது.

சனிக்கிழமை நேரலை. இரண்டு சட்டி, ஒன்றைக் கிளறுவது, ஒன்றைக் கிளறாமல் விடுவது. ருசி பார்த்துத் தீர்ப்பு. ஊரே போனில் உட்கார்ந்திருந்தது.

ரொடெல் கிளறுகிற சட்டியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அனாலின் பரபரப்பில், படத்தில் தெரியாத, கிளறாமல் விடவேண்டிய சட்டியிலும் கரண்டியை விட்டுவிட்டாள்.

அடுத்த நொடி திரையில் வந்து விழுந்தது: "கிளறாத சட்டியிலயும் கரண்டிய விட்டுட்டியே, திருடி!"

அனாலின் கரண்டியைக் கையில் பிடித்தபடியே அந்த வரியை இன்னொரு தரம் படித்தாள். படத்தில் இல்லாததை எவள் பார்த்தாள்?

திரும்பினாள். லோய்டா போனை ஏப்ரனுக்குள் சொருகிக்கொண்டிருந்தாள்.

"நீங்களா? என் சோத்தத் தின்னுட்டு என்னையே ஊர் முன்னாடி ஏசினது நீங்களாக்கா? ஒரு நாளாவது நல்லாயிருக்குன்னு சொன்னதுண்டா?"

நேரலை ஓடிக்கொண்டே இருந்தது. லோய்டா பூண்டுத்தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"எங்கப்பாவும் கப்பல்காரர்தான். அவர் முகம் ஏர்போர்ட்லதான் எங்களுக்கு ஞாபகம். இவன் புள்ளைங்களுக்கும் அப்படியா ஆகணும்? பேச்சு நடந்தாத்தான் ஓடும்னு நீதானே சொன்னே? திட்டினேன், ஊரே பேச வந்துச்சு."

ரொடெல் போனை ஆட்டாமல் பிடித்தபடியே சொன்னான்: "ஏஜென்சிக்கு 'வரலை'ன்னு காலையிலேயே சொல்லிட்டேன், அக்கா."

அனாலின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதியிருக்கலாமேக்கா?"

"எழுதினேனே. போய்ப் பாரு."

பழைய வீடியோக்களைத் திறந்து பார்த்தாள். யாரும் எட்டிப் பார்க்காத ஒவ்வொன்றின் கீழேயும், தன்னந்தனியாக, லோய்டாவின் சொந்தப் பேரில் ஒரே வரி: "ரொம்ப நல்லாயிருக்கு, அனா."

ஏச்சுக்கெல்லாம் வீடியோ வீடியோவாகப் பதில் போட்டவள், இதில் ஒன்றுக்குக்கூடப் பதில் போட்டிருக்கவில்லை.

உங்கள் போனிலும் பதில் போடாத ஒரு 'நல்லாயிருக்கு' கிடக்கும். இன்றைக்கு அதற்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.