கேட்கும் பயிற்சி

எங்கள் ஊருக்கு அடிபம்பு போட்டுக் கொடுத்த வெளிநாட்டுத் திருச்சபைச் சேவை அமைப்பின் கூட்டம் அது. எளியவர்களின் குரலைக் கேட்கும் காதுகளைத் தரும்படி எல்லோரும் கண்மூடி ஜெபித்தார்கள். வாசலில் நின்ற நானும் ஆமென் சொன்னேன். அந்தப் பம்பில் மூன்று மாதமாகக் காற்றுதான் வருகிறது. அதைச் சொல்லத்தான் வந்திருந்தேன்.

"சார், நான்..."

"உள்ள கேட்கும் பயிற்சி நடக்குதும்மா, பேசாதீங்க," என்றார் திட்ட அதிகாரி. இஸ்திரி போட்ட என் புடவையை ஏற இறங்கப் பார்த்தார். "கேன்டீன்தானே? இந்தத் தண்ணி பாட்டிலை எல்லாருக்கும் குடுங்க."

கையில் எதைத் திணித்தாலும் வாங்கிக்கொண்டே பழகிவிட்டது. நாற்பது பேருக்கும் கொடுத்தேன். ஒருவர்கூட நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை.

அமைப்பின் இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினோரு மணிக்குப் பேச ஒரு கிராமத்து அம்மாவைக் கூப்பிட்டிருந்தோமே, எங்க?"

"வரலை சார். இந்த ஜனங்களுக்கு எவ்வளவு செஞ்சாலும் பொறுப்பே வராது," என்றார் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அதிகாரி.

பாட்டில்கள் இருந்த காலி அட்டைப்பெட்டியை அதிகாரியின் மடியில் வைத்துவிட்டு மைக்கை எடுத்தேன்.

"ஒன்பது மணிக்கே வந்துட்டேங்க. உங்க எல்லாருக்கும் தண்ணி குடுத்தாச்சு. எங்க ஊருக்கு எப்பங்க குடுப்பீங்க?"